142 அடியில் எழுதிய கோடு: முல்லைப் பெரியாறு வழக்கில் முன்தீர்ப்புத் தடை

வண்டிப்பெரியாற்றில் பாலத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் எனக்கு வாடிக்கையாக ஒரு கேள்வி காத்திருக்கும். கேட்பவர் தேயிலை எஸ்டேட்டில் இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி. அவருடைய தாத்தா சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையேறி வந்தவர். "வக்கீல் தம்பி, அணை பத்திரம் என்று டெல்லியில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். பிறகு எதற்கு அடைமழையில் அதிகாரிகள் கதவைத் தட்டி, மேட்டுக்குப் போங்கள் என்கிறார்கள்?"

மலையிறங்கிக் கம்பத்துக்குப் போனால் தாய்மாமா வேறு மாதிரி கேட்பார். "மருமகனே, ஜெயித்த வழக்கை எதற்கு மறுபடி மறுபடி நடத்துகிறார்கள்? தீர்ப்பு வந்தால் வந்ததுதானே?"

ஒருவருடைய வீடு அணைக்குக் கீழே ஆற்றோரம். இன்னொருவருடைய நஞ்சைக்கு அதே அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வருகிறது. இருவருக்கும் பதில் ஒரே சட்ட விதியில் இருக்கிறது. ரெஸ் ஜூடிகேட்டா என்று வக்கீல்கள் சொல்வது. தமிழில் முன்தீர்ப்புத் தடை: ஒரு தடவை வாதாடி நீதிமன்றம் தீர்த்துவைத்த வினாவை அதே தரப்புகள் மறுபடி எழுப்ப முடியாது என்ற விதி. இந்த விதி ஒரு மாநில அரசையே கட்டிப்போட்ட வழக்கு எங்கள் ஊர் அணையைப் பற்றியது என்பதால், அந்தத் தீர்ப்பை அந்த ஒரு கோணத்தில் மட்டும் இங்கே பிரித்துப் பார்க்கிறேன். அணை உடையுமா, உடையாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதற்குப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களைவிட அதிகமாகக் குமுளி பஸ் நிலையத்தில் இருக்கிறார்கள்.

வழக்குக்கு முன் நடந்தவை

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. காலம் 999 ஆண்டுகள். நிலம் 8,000 ஏக்கர், வாடகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். பென்னிகுவிக் தலைமையில் சுண்ணாம்பும் சுட்ட செங்கல் தூளான சுர்க்கியும் கொண்டு கட்டிய அணை 1895-இல் பயன்பாட்டுக்கு வந்தது. 1970-இல் இரு மாநிலங்களும் துணை ஒப்பந்தங்கள் போட்டு, வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தின. மீன்பிடி உரிமை கேரளத்துக்குத் திரும்பியது. இந்த 1970-ஐ வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் திணிக்கப்பட்டது என்று பிற்பாடு வாதாடிய மாநிலம், சுதந்திர நாட்டில் தன் கையாலேயே அதைப் புதுப்பித்த ஆண்டு அது.

1979-இல் அச்சம் வந்தது. அந்த ஆகஸ்டில்தான் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்வி நகரம் அழிந்தது. நவம்பரில் மத்திய நீர் ஆணையம் இரு மாநிலங்களையும் கூட்டிப் பேசி, அணையைப் பலப்படுத்தும் வேலைகளை வகுத்தது. அதுவரைக்கும் என்று நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. முழுக் கொள்ளளவுக்கான மட்டம் 152 அடி. தற்காலிகம் என்று சொல்லி இறக்கிய 16 அடிதான் பிறகு வந்த அத்தனை வழக்குகளுக்கும் விதை.

பலப்படுத்தும் வேலைகள் பெரும்பாலும் முடிந்துவிட்டன, மட்டத்தை உயர்த்துங்கள் என்று தமிழ்நாடு கேட்டது. கேரளம் மறுத்தது. இரு மாநில உயர் நீதிமன்றங்களிலும் ரிட் மனுக்கள் குவிந்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் போய்ச் சேர்ந்தன. 2006 பிப்ரவரி 27 அன்று தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் அடங்கிய மூவர் அமர்வு தீர்ப்புச் சொன்னது: 142 அடி வரை உயர்த்தலாம், மீதமுள்ள பலப்படுத்தும் வேலைகளுக்குக் கேரளம் தடை போடக் கூடாது.

அந்தத் தீர்ப்பு எந்தெந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டது என்பது முக்கியம். பழைய ஒப்பந்தங்கள் தொடரும் என்னும் மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு செல்லுமா, நதிநீர்த் தகராறு என்பதால் நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லையா, சமஸ்தான காலத்து ஒப்பந்தம் என்பதால் அரசியலமைப்பின் 363-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறதா, நடுவர் தீர்ப்புக்கு அனுப்ப வேண்டுமா, 142 அடிக்கு உயர்த்தினால் அணைக்கு ஆபத்தா. ஒவ்வொன்றையும் இரு தரப்பும் வாதாடி, நீதிமன்றம் விடை எழுதியது. ஆபத்து என்ற கேள்விக்கு நிபுணர் அறிக்கைகளை வைத்து, இல்லை என்று எழுதியது.

19 நாட்களில் வந்த சட்டம்

2006 மார்ச் 18 அன்று கேரளப் பாசன, நீர்ப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வயதாகி ஆபத்தான அணைகள் என்று ஓர் அட்டவணை. அதில் முல்லைப் பெரியாறு. அதன் எதிரே உச்சவரம்பாக 136 அடி. தீர்ப்பு வந்து 19 நாட்கள்தான் ஆகியிருந்தன. கேரளம் மறுஆய்வு மனுவும் போட்டது. அதே ஆண்டு ஜூலையில் அது தள்ளுபடியானது.

தமிழ்நாடு அரசியலமைப்பின் 131-ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்திலேயே அசல் வழக்காகப் பிராது கொடுத்தது. 2006-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் அசல் வழக்கு. கேட்ட நிவாரணம், கேரளச் சட்டம் முல்லைப் பெரியாற்றைப் பொறுத்தவரை செல்லாது என்று அறிவிக்க வேண்டும். 142 அடிக்குக் குறுக்கே வராமல் கேரளத்தைத் தடுக்க வேண்டும். 2007 டிசம்பரில் நீதிமன்றம் எழுவினாக்களை, அதாவது வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகளை, வகுத்தபோது நான்காவதாக வைத்ததுதான் நமக்கு வேண்டியது. 1886 ஒப்பந்தம் செல்லுமா, பெரியாறு எத்தகைய ஆறு, அணையின் கட்டுமானப் பாதுகாப்பு, நீர்மட்ட உயர்வு ஆகியவை 2006 தீர்ப்பிலேயே இறுதியாக முடிந்துவிட்டனவா? அப்படியானால் கேரளம் அவற்றை மறுபடி எழுப்ப முன்தீர்ப்புத் தடை குறுக்கே நிற்கிறதா?

வழக்கு வேறு, வினா ஒன்று

உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் 11-ஆம் பிரிவை முதன்முதலில் படிக்கும் ஜூனியர்கள் 'வழக்கு' என்ற சொல்லோடு நின்றுவிடுவார்கள். அதே ஆட்கள் அதே வழக்கைத் திரும்பப் போட்டால் செல்லாது, அவ்வளவுதானே என்பார்கள். பிரிவு 'வழக்கையோ எழுவினாவையோ' என்று இரண்டையும் சொல்கிறது. அந்த இரண்டாவது சொல்லில்தான் முல்லைப் பெரியாறு வழக்கின் உயிர் இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கதையாகச் சொல்கிறேன். ஏலத்தோட்டத்தில் அண்ணன், தம்பி. கிணறு இருக்கும் 20 சென்ட் தனக்கே பாத்தியம் என்று அண்ணன் வழக்குப் போடுகிறார். சாட்சி, பத்திரம் எல்லாம் பார்த்து, நிலம் தம்பியுடையது என்று முன்சீப் தீர்ப்பு எழுதுகிறார். அப்பீலிலும் அதுவே நிலைக்கிறது. மூன்று வருஷம் கழித்து அண்ணன் புதுப் பிராதோடு வருகிறார்: என் நிலத்தில் தம்பி பம்ப் ஷெட் கட்டிவிட்டான், இடிக்க உத்தரவிட வேண்டும். வழக்கு எண் புதிது, கோர்ட் கட்டணம் புதிது, நிவாரணம் புதிது. ஆனால் 'என் நிலம்' என்ற இரண்டு சொல்லுக்கு நீதிமன்றம் முன்பே விடை எழுதிவிட்டது. அந்த வினாவை இன்னொரு தடவை விசாரிக்க எந்த நீதிபதிக்கும் அதிகாரம் இல்லை. அண்ணனின் வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும்.

இப்போது அவர், "அப்பா எனக்கு எழுதிய உயில் இருக்கிறது, முதல் வழக்கில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்" என்கிறார். அதற்கும் இடமில்லை. முதல் வழக்கில் சொல்லியிருக்கக் கூடியதும் சொல்லியிருக்க வேண்டியதுமான வாதம், சொல்லப்பட்டுத் தீர்ந்ததாகவே கருதப்படும் என்று 11-ஆம் பிரிவின் நான்காவது விளக்கம் கூறுகிறது. கையில் இருக்கும் அம்பை எல்லாம் முதல் போரிலேயே எய்துவிட வேண்டும். ஒன்றை இடுப்பில் செருகி வைத்துக்கொண்டு அடுத்த போருக்கு வர முடியாது.

ஒரு வரம்பு உண்டு. முதல் வழக்கில் அந்த வினா நேரடியாகவும் முக்கியமாகவும் எழுந்திருக்க வேண்டும். போகிற போக்கில் நீதிபதி எழுதிய வரி யாரையும் கட்டாது. இந்த விதியைக் கையாளும் வக்கீல்கள் நாள்கணக்கில் சண்டை போடுவது இந்த இடத்தில்தான்.

இந்த அளவுகோலை முல்லைப் பெரியாற்றில் வைத்துப் பார்க்கலாம். முதல் வழக்கு ரிட். கேள்வி, மட்டத்தை உயர்த்தலாமா. இரண்டாவது அசல் வழக்கு. கேள்வி, கேரளச் சட்டம் செல்லுமா. சட்டமே முதல் வழக்கு முடிந்த பிறகு பிறந்தது. ஆகவே வழக்கு என்ற அளவில் இரண்டும் ஒன்றாகவே முடியாது. ஆனால் கேரளத்தின் எதிருரையின் முதுகெலும்பு ஒன்றுதான்: அணை பத்திரமில்லை. அந்த வினா 2006-இல் நேரடியாக எழுந்து, விடையும் பெற்றுவிட்டது.

கேரளம் எழுப்பிய தடைகள்

கேரளத்தின் வக்கீல்கள் லேசாக விடவில்லை. முதலாவதாக, 2006-இல் நடந்தது ரிட், 11-ஆம் பிரிவு வழக்குகளுக்குத்தான் என்றார்கள். இது எடுபடாது என்பது பழைய சங்கதி. அடிப்படை உரிமைக்கான ரிட் மனுக்களுக்கும் இந்தக் கோட்பாடு பொருந்தும் என்று 1961-இல் தரியாவ் வழக்கிலும், ரிட்டில் வாதாடித் தோற்றதைப் பிறகு உரிமையியல் வழக்காகக் கொண்டுவர முடியாது என்று அதன் பின் குலாப்சந்த் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 11-ஆம் பிரிவு இந்த விதியின் முழு உடம்பு அன்று. அது ஒரு பகுதியைத்தான் எழுத்தில் பிடித்திருக்கிறது. விதி அதைவிடப் பழையது, அகலமானது.

இரண்டாவது வாதம் கனமானது. நிலத்தின் உரிமையாளர் யார் என்பது மாறாத விஷயம். அணையின் பாதுகாப்பு அப்படியா? ஒவ்வொரு மழைக்கும், ஒவ்வொரு நில அதிர்வுக்கும், ஒவ்வோர் ஆண்டு வயதுக்கும் அது மாறுகிறது. 2006-க்குப் பிறகு வந்த வெள்ளக் கணக்கு, நில அதிர்வு ஆய்வுகளைக் கேரளம் மேசையில் வைத்தது. இதை நான் எளிதில் தள்ள மாட்டேன். வாடகைக் கட்டுப்பாட்டு வழக்குகளில் தினசரி பார்க்கிறோம்: சொந்தத் தேவைக்குக் கடை வேண்டும் என்று உரிமையாளர் கேட்டுத் தோற்றாலும், சில வருஷம் கழித்து மகன் வளர்ந்து தொழில் தொடங்க நின்றால் புது மனுப் போடலாம். தேவை புதிதாகப் பிறந்துவிட்டது. காலத்தோடு நகரும் உண்மைக்கு முன்தீர்ப்புத் தடை அந்தக் காலத்து அளவுக்குத்தான்.

மூன்றாவது, மக்களின் உயிர்ப் பாதுகாப்பு பொது உரிமை. பொது உரிமை பற்றிய தீர்ப்பைச் சட்டமன்றம் புதுச் சட்டத்தால் மாற்றலாம். இதற்கு அமெரிக்காவின் ஒகையோ ஆற்றுப் பாலம் ஒன்றைத் துணைக்கு அழைத்தார்கள். வீலிங் என்ற ஊரில் கட்டிய தொங்குபாலம் படகுப் போக்குவரத்துக்கு இடையூறு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1852-இல் சொல்ல, அதே ஆண்டு நாடாளுமன்றம் அந்தப் பாலத்தைச் சட்டபூர்வமானது என்று அறிவித்தது; பிற்பாடு நீதிமன்றமும் அதை ஏற்றது. தேக்கடி படகுத்துறையில் நின்று இதை நினைத்தால் சிரிப்பு வரும்: கேரளத்தின் வாதம் பெரியாற்றைக் கடக்க ஒகையோப் பாலத்தில் ஏறியது.

2014 மே 7

தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா எழுதிய தீர்ப்பில் எச்.எல். தத்து, சந்திரமௌலி குமார் பிரசாத், மதன் லோகூர், எம்.ஒய். இக்பால் ஆகிய நால்வரும் உடன்பட்டார்கள். ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு, ஒரே குரல்.

முன்தீர்ப்புத் தடை வெறும் நடைமுறை நுணுக்கம் இல்லை, சட்டத்தின் ஆட்சியோடு ஒட்டிய பொதுக்கொள்கை என்று அமர்வு எடுத்துக்கொண்டது. இந்த வினாக்கள் 2006-இல் இரு மாநிலமும் எதிரெதிரே நின்று முழுதாக வாதாடியவை. அணையின் பாதுகாப்பு அங்கே ஓரமாக வந்த பேச்சு அன்று, மைய வினா. எனவே கேரளம் அதைத் திரும்ப எழுப்ப முடியாது. 1886 ஒப்பந்தத்தைக் கிளறும் முயற்சியும் நிற்கவில்லை. முன்பு சொன்ன 1970 அங்கே கேரளத்துக்கு எதிர்ச் சாட்சியாக நின்றது.

சட்டமன்றம் பற்றிய பகுதிதான் தீர்ப்பின் நெஞ்சு. ஒரு தீர்ப்புக்கு ஆதாரமாக இருந்த சட்டத்தைச் சட்டமன்றம் மாற்றலாம். வரி வழக்குகளில் அரசுகள் தோற்றதும் குறையைத் திருத்திச் சட்டம் போடுவது அப்படித்தான். ஆனால் நீதிமன்றம் சாட்சிகளைப் பார்த்து முடிவுசெய்த ஓர் உண்மையை, 'இல்லை, உண்மை வேறு' என்று சட்டம் எழுதி மாற்ற முடியாது. அது தீர்ப்புச் சொல்லும் வேலை, நீதிமன்றத்துக்கு உரியது. கேரளச் சட்டத்துக்குப் பதினைந்து ஆண்டு முன்பே காவிரியில் கர்நாடகம் இதே வழியில் போய்ப் பார்த்தது. நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையைச் செல்லாததாக்க 1991-இல் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை அடித்துப் போட்டது. வீலிங் பாலம் இங்கே பொருந்தாது என்று அமர்வு ஒதுக்கியது. நிலைமை மாறிவிட்டது என்றால் அதைச் சொல்ல வேண்டிய இடம் நீதிமன்றம். ஒரு தரப்பே தனக்குச் சாதகமாகச் சட்டம் எழுதிக்கொள்ள முடியாது. அண்ணன் தம்பி வழக்கில் தோற்ற அண்ணன் ஊராட்சித் தலைவராகி, 'கிணறு என்னுடையது' என்று தீர்மானம் போட்ட மாதிரிதான்.

2006 சட்டம் முல்லைப் பெரியாற்றைப் பொறுத்தவரை அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிவிக்கப்பட்டது. 142 அடிக்குக் குறுக்கே வரக் கேரளத்துக்குத் தடை. கண்காணிக்க மூவர் குழு: மத்திய நீர் ஆணையத்திலிருந்து ஒருவர், மாநிலத்துக்கு ஒருவர். அந்த நவம்பர் 21 அன்று நீர்மட்டம் 142-ஐத் தொட்டது. 136-க்கு இறங்கி 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எனக்கு உறுத்தும் இடம்

ஒரு கேள்வியை இந்தத் தீர்ப்பு நேராகச் சந்திக்கவில்லை என்பது என் எண்ணம். பாதுகாப்பு என்ற வினா 2006-லேயே மூடப்பட்டுவிட்டது என்றால், 2010-இல் முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் ஐவர் குழுவை அதே நீதிமன்றம் ஏன் அமைத்தது? அந்தக் குழு வெள்ளம், கட்டுமானம், நில அதிர்வு என மூன்று வகையிலும் அணையைச் சோதிக்கச் செய்து, 2012 ஏப்ரலில் பத்திரம் என்று அறிக்கை கொடுத்தது. 2014 தீர்ப்பு அந்த அறிக்கையைப் பக்கம் பக்கமாக எடுத்துப் பேசுகிறது. தடை முழுமையானது என்றால் இது வேண்டாத வேலை. வேண்டிய வேலை என்றால் தடை முழுமையானது அன்று.

கீழே ஆற்றோரம் இத்தனை ஊர் இருக்க, சட்ட விதி ஒன்றை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட அந்த நீதிபதிகளுக்கு மனம் வரவில்லை என்றே நான் படிக்கிறேன். அது குறையில்லை. ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், காலத்தோடு நகரும் உண்மைகளுக்கு இந்த விதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு தெளிவான அளவு கிடைத்திருக்கும். டேராடூன் சுண்ணாம்புக் குவாரி வழக்கில், பொது நலன் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த விதியை எழுத்துக்கு எழுத்து பிடிக்க வேண்டியதில்லை என்ற போக்கை உச்ச நீதிமன்றமே முன்பு காட்டியிருந்தது. அந்த இழையை இங்கே பிடித்து முடிச்சுப் போட்டிருக்கலாம்.

நடைமுறை அந்த முடிச்சைத் தானாகவே போட்டது. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் கேரளமே மூழ்கியபோது, ஆகஸ்ட் முடியும் வரை மட்டத்தை 139.99 அடிக்குள் வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021 அக்டோபரிலும் 139.5 அடி என்று சில நாட்களுக்கு ஒரு வரம்பு. 142 என்ற கோடு அழியவில்லை; மழைக்குத் தக்கபடி நீதிமன்றமே தன் கையால் அதன் கீழே தற்காலிகக் கோடு போட்டது. 2022 ஏப்ரலில் கண்காணிப்புக் குழுவுக்கு இரு மாநிலங்களும் ஆளுக்கொரு தொழில்நுட்ப நிபுணரைத் தர உத்தரவிட்டு, புதிய அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் அதிகாரங்களையும் தற்காலிகமாக அதன் கையில் கொடுத்தது.

அண்ணாச்சிக்கு நான் சொன்ன பதில் இதுதான். "142 வரை ஏற்றலாமா என்ற வழக்கு முடிந்தது. இன்றைக்கு ராத்திரி ஆறு எவ்வளவு வரும் என்பதற்கு யாரும் தீர்ப்பு எழுதவில்லை. கதவைத் தட்டினால் எழுந்து போய்விடுங்கள், அண்ணாச்சி." அவர் திருப்தியடைந்த மாதிரி தெரியவில்லை. தேநீருக்கு மட்டும் அவரே காசு கொடுத்தார்.

தாய்மாமாவுக்குப் பதில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. 152 அடியையும் தமிழ்நாடு ஜெயித்தாகிவிட்டது, கேரளம்தான் விட மாட்டேன் என்கிறது என்பது கம்பம் பக்கத்தில் பலருடைய நம்பிக்கை. நான் 2006 தீர்ப்பைத் தமிழில் படித்துக் காட்டினேன். 142-க்கு உத்தரவு இருக்கிறது. அதற்கு மேல் போக, பலப்படுத்தும் வேலைகள் முடிய வேண்டும். பிறகு சுயேச்சையான நிபுணர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். 152 பற்றிய வினா அந்த வழக்கில் முடிவாகவே இல்லை. முடியாத வினாவுக்கு முன்தீர்ப்புத் தடை கிடையாது. நாளைக்கு 152 என்று தமிழ்நாடு கேட்டால், பாதுகாப்பைப் பற்றிக் கேரளம் புதிதாக வாதாடலாம், நீதிமன்றம் கேட்டே ஆக வேண்டும்.

"அப்படியானால் பேபி அணை வேலையை முடிக்க வேண்டியதுதானே?" என்றார் மாமா.

பெரிய அணைக்குப் பக்கத்தில் உள்ள சிறு துணை அணைதான் பேபி அணை. அதை ஒட்டிக் கீழ்ப்பக்கத்தில் 15 மரங்கள் நின்றன. அதைப் பலப்படுத்தும் வேலை நடக்க அவற்றை வெட்ட வேண்டியிருந்தது. 2021 நவம்பரில் கேரள வனத்துறை அதற்கு அனுமதி கொடுத்தது; சில நாட்களிலேயே கேரள அரசு அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.